விபத்து முடிந்தும் பயம் விடவில்லையா? என்ன செய்யலாம்

பள்ளிகொண்டா பக்கம் என் சித்தப்பாவின் பைக்கை ஒரு லாரி இடித்துத் தள்ளியது. எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் லாரியின் ஏர் பிரேக் 'புஸ்ஸ்' என்றால் போதும், கையிலிருக்கும் டீ வேட்டியில் கொட்டும். பைக் சாவியை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம், அதில் தப்பில்லை, கொஞ்சம் தெம்பு வந்தது, ஆனாலும் ராத்திரி வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காருவது நிற்கவில்லை.

இது கோழைத்தனம் இல்லை. நடந்து முடிந்ததை மூளை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாமல், இப்போதே நடப்பதுபோல உடம்பை உசுப்பிவிடுகிறது. விபத்து மட்டுமில்லை, அடி உதை, பாலியல் வன்முறை, கண்ணெதிரே ஒரு சாவு, எதற்குப் பிறகும் வரலாம். முதல் சில வாரம் இப்படி இருப்பது சகஜம், பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, சம்பந்தப்பட்ட இடத்தைத் தவிர்ப்பது, எரிச்சல், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது எல்லாம் தொடர்ந்து வேலையையும் வீட்டையும் கெடுத்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

வேலூரில் இதற்கு அலைய வேண்டியதில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா, 14416க்குப் போன் போடுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் நாள் பார்க்காதீர்கள், அன்றைக்கே பேசுங்கள், பக்கத்தில் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

போகும்போது எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, எதைக் கண்டால் படபடப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும். முதல் நாளே முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களோடு வாரா வாரம் பேசும் சிகிச்சைதான் முக்கியம், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். தூக்கம் வர குவார்ட்டர் போடுவதும் மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்பதும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்கள் "இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்க?" என்று கேட்காதீர்கள். தூக்கத்தில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். சித்தி லைட்டைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுதான் கூப்பிடுவார்: "ஏங்க, நம்ம வீடுதாங்க. எழுந்து தண்ணி குடிங்க."