பல நாடுகள் சுற்றிய கால்பந்துப் பயிற்சியாளரின் வாழ்க்கையை எழுதும் முறை

பள்ளி ஆண்டு மலருக்காக ஒரு கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றி எழுதச் சொன்னால், சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள மாணவர்களில் பலர் அவர் வேலை பார்த்த நாடுகளின் பெயர்களை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் அவர் எப்போது வந்து சேர்ந்தார், வந்தபோது அணி எந்த நிலையில் இருந்தது, ஏன் விலகினார் என்ற மூன்று செய்திகளும் சேராதவரை அந்த வரிசை வெறும் பட்டியலாகவே நிற்கும்.

இதைப் பழகிக்கொள்ள 1944ஆம் ஆண்டு அன்றைய யுகோஸ்லாவியாவில் பிறந்த போரா மிலுட்டினோவிச்சை எடுத்துக்கொள்வது நல்லது. மெக்சிகோ (1986), கோஸ்டா ரிக்கா (1990), அமெரிக்கா (1994), நைஜீரியா (1998), சீனா (2002) என அடுத்தடுத்த ஐந்து உலகக் கோப்பைகளில் ஐந்து வெவ்வேறு நாடுகளின் அணிகளை அவர் வழிநடத்தினார்.

முதலில் ஒரு நீளத் தாளில் நாடு, சேர்ந்த காலம், உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற விதம், முடிவு என நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். இவற்றில் மூன்றாவது கட்டத்தைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். கட்டுரையின் உயிரோ அங்கேதான் இருக்கிறது. மெக்சிகோவும் அமெரிக்காவும் போட்டியை நடத்திய நாடுகள் என்பதால் தகுதிச் சுற்று ஆடாமலேயே உள்ளே வந்தவை. கோஸ்டா ரிக்காவும் நைஜீரியாவும் வேறு பயிற்சியாளர்களின் கீழ்த் தகுதி பெற்ற பிறகே மிலுட்டினோவிச்சின் கைக்கு வந்தன. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பேருந்தில் பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் மாறிக்கொண்டதைப் போன்றது அது. ஐந்தில் சீனாவை மட்டுமே தகுதிச் சுற்றிலிருந்து அவரே அழைத்து வந்தார். அந்த ஆண்டு ஜப்பானும் தென் கொரியாவும் போட்டியை நடத்தியதால் ஆசியத் தகுதிச் சுற்றில் அவ்விரண்டு அணிகளும் இல்லை என்பதையும் அதே வரியில் குறிக்க வேண்டும். 1998ஆம் ஆண்டுப் போட்டிக்கு மெக்சிகோவையும் அவர் தகுதி பெறச் செய்திருந்தார் என்பதும், தகுதி கிடைத்த பின் 1997இல் அங்கே பதவி நீக்கப்பட்டுத்தான் நைஜீரியாவுக்குப் போனார் என்பதும் பட்டியலில் தெரியாத செய்திகள். என் கணிப்பில், அவருடைய தொழில் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கட்டமே பாதி உதவியைச் செய்துவிடும்.

இப்படிச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடும் என்று நினைக்கத் தேவையில்லை. சில மாதங்களே கையில் இருந்த கோஸ்டா ரிக்கா, தன் முதல் உலகக் கோப்பையிலேயே ஸ்காட்லாந்தை 1–0 என்றும் சுவீடனை 2–1 என்றும் வென்று இரண்டாம் சுற்றுக்குச் சென்றது. அங்கே செக்கோஸ்லோவாக்கியாவிடம் 4–1 என்று தோற்றதை எழுதும்போது, முதல் மூன்று ஆட்டங்களில் அணியைக் காத்த கோல்கீப்பர் கொனேஹோ காயத்தால் ஆட முடியாமல் போனதையும், எதிரணியின் ஸ்குஹ்ராவி தலையால் முட்டியே மூன்று கோல்கள் போட்டதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்போதுதான் அந்தத் தோல்வியில் பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு என்பதை வாசிப்பவர் தாமே எடைபோட முடியும்.

அடுத்து, வந்த இடத்தில் அவருக்கு முன்பே இருந்த தொடர்பைத் தேட வேண்டும். மெக்சிகோவில் அவர் அந்நியர் அல்லர். பூமாஸ் கிளப்பில் ஆட்டக்காரராக இருந்துவிட்டு, 1977 முதல் 1983 வரை அதே கிளப்புக்குப் பயிற்சியளித்து லீக் பட்டமும் வென்றவர். 1986இல் பல்கேரியாவுக்கு எதிராக அந்தரத்தில் பாய்ந்து கத்தரிக்கோல் உதையில் கோல் போட்ட நெக்ரேட்டே அந்தக் கிளப்பில் வளர்ந்த ஆட்டக்காரர். அந்த முறை மெக்சிகோ காலிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில்தான் தோற்றது. எனவே மெக்சிகோவுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கலாம். 2003க்குப் பின் அவர் பார்த்த ஹோண்டுராஸ், ஜமைக்கா, ஈராக் பொறுப்புகளுக்கு ஒரே வாக்கியம் போதும்.

தோல்வியை மறைக்கவும் கூடாது. சீனா 2002இல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு கோலும் போடாமல் ஒன்பது கோல்கள் வாங்கியது. சீனா உலகக் கோப்பையில் ஆடிய முதல் முறை அது என்பதும் உண்மையே. இரண்டையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வைத்துவிட்டு, 'ஆனாலும்' போட்டு எதையும் தூக்கி நிறுத்தாமல் நகர்ந்துவிடுவது நல்லது.

இந்திய அணியின் வழியாகத் தொடங்க விரும்புபவர்களுக்கு பாப் ஹௌட்டன் பொருத்தமானவர். சுவீடனின் மால்மோ கிளப்பை 1979இல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுசென்ற அவர், 2006இல் இந்திய அணியின் பயிற்சியாளராக வந்தார். 2008இல் ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சேலஞ்ச் கோப்பையை வென்றதன் மூலம் இந்தியா 1984க்குப் பிறகு முதன்முறையாக, 2011ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதியைப் பெற்றது. இவருடைய தாளில் மூன்றாவது கட்டத்தை, அதாவது தகுதி பெற்ற விதத்தை, அவரே நிரப்பியிருப்பதால், மிலுட்டினோவிச்சின் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏற்றவர். ஸ்டீபன் கான்ஸ்டன்டைனை எடுத்துக்கொள்பவர்கள், அவர் 2002இலும் 2015இலும் இரண்டு முறை இந்தியாவில் பொறுப்பேற்றதால், இந்தியாவுக்கு இரண்டு தனி வரிசைகள் ஒதுக்க வேண்டும். ஒன்றாகச் சேர்த்தால் இடையில் அவர் ஆப்பிரிக்காவில் மலாவி, சூடான், ருவாண்டா அணிகளுடன் கழித்த காலம் காணாமல் போய்விடும்.