வறண்ட நிலையிலும் பிளாட்டினம் உழைக்க: அயனித் திரவப் பூச்சு செய்முறை

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இணைத்து மின்சாரம் தரும், புரோட்டான் பரிமாற்றச் சவ்வு கொண்ட எரிபொருள் கலத்தில் ஈரப்பதம் குறைந்து மின்னோட்டம் சரியும்போது பலரும் முதலில் சவ்வைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் இழப்பில் கணிசமான பங்கு ஆக்சிஜன் வினைபுரியும் மின்முனையான கேத்தோடின் வினையூக்கிக்குள்ளேயே நிகழ்கிறது. கெட்ஜன்பிளாக் போன்ற நுண்துளை மிகுந்த கார்பனில் பிளாட்டினத் துகள்கள் பலவும் துளைகளுக்குள் அமர்ந்திருக்கின்றன. சில நானோமீட்டர் அகலமே உள்ள அந்தத் துளைகளுக்குள் புரோட்டானைக் கடத்தும் பாலிமரான நாஃபியான் அயனோமர் நுழைவதில்லை என்பதால், அங்கே தேங்கும் நீரின் வழியாகத்தான் புரோட்டான் சென்று சேர வேண்டும். நீர் வற்றினால் உள்ளிருக்கும் பிளாட்டினம் வேலையற்றுப் போகிறது. வெளிப்பரப்பில் உள்ள துகள்களுக்கோ வேறு தொல்லை: அயனோமரின் சல்ஃபோனேட் தொகுதிகள் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜன் வினைபுரிய வேண்டிய இடங்களை அடைத்துவிடுகின்றன.

எளிதில் ஆவியாகாததும் நீரோடு கலக்காததுமான அயனித் திரவத்தை (அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்பை)த் துளைகளுக்குள் நிறுத்தினால் இவ்விரண்டு தொல்லைகளையும் தணிக்க முடியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் யோனா எர்லபேக்கரின் குழு, நிக்கல்–பிளாட்டின நுண்துளைக் கலப்புலோகத்தில் இத்தகைய திரவத்தை நிரப்பி ஆக்சிஜன் ஒடுக்க வினையை விரைவுபடுத்தியதை 2010-இல் வெளியிட்டது. இன்றைய கார்பன் தாங்கி வினையூக்கிகளுக்கும் அடிப்படை அதுவே.

பழகுவதற்கு, எளிதில் வாங்கக் கிடைக்கும் பியூட்டைல்மெத்தில்இமிடசோலியம் பிஸ்ட்ரைஃபிளிமைடில் தொடங்கலாம். வறண்ட நிலையே முதன்மை நோக்கம் என்றால், புரோட்டானைத் தானே சுமக்கும் வகைக்குப் பின்னர் மாறுவது நல்லது. எதை வாங்கினாலும் குளோரைடு மாசு இருக்கிறதா என்று பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. சிறிதளவு குளோரைடே பிளாட்டினத்தின் வினைத்திறனைக் கெடுத்துவிடும். திரவத்தைத் தூய நீருடன் குலுக்கி, பிரியும் நீர் அடுக்கில் சில துளி சில்வர் நைட்ரேட் விட வேண்டும். வெண்கலங்கல் தோன்றினால் அது மறையும்வரை நீரால் திரும்பத் திரும்பக் கழுவி, பிறகு வெற்றிடத்தில் உலர்த்த வேண்டும்.

அளவை எடை விகிதமாக அன்றி, துளைக் கொள்ளளவில் எத்தனை பங்கு நிரம்புகிறது என்றே கணக்கிட வேண்டும். நைட்ரஜன் பரப்புக்கவர்ச்சி முறையில் அளந்தபோது கிராமுக்கு 0.4 கன செ.மீ. கிடைத்ததாகக் கொள்வோம். 100 மி.கி. வினையூக்கியின் துளைக் கொள்ளளவு 0.04 கன செ.மீ.; அதில் பாதியை நிரப்ப 0.02 கன செ.மீ. திரவம் வேண்டும், அடர்த்தி 1.44 என்பதால் எடை ஏறக்குறைய 29 மி.கி. ஆகும். 25, 50, 75 விழுக்காடுகளுடன், திரவமே சேர்க்காத மாதிரி ஒன்றையும் அதே கரைப்பான், அதே அதிர்வு, அதே உலர்த்தல் வழியாகக் கொண்டுவர வேண்டும். அந்த ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் வரும் முடிவை நான் நம்பமாட்டேன்.

உலர்ந்த பிளாட்டினக் கார்பன் தூளின் மேல் நேரடியாக ஆல்கஹாலை ஊற்றினால் தீப்பற்றக்கூடும். ஆகவே முதலில் தூய நீரால் நனைத்துவிட்டு, அதன் பிறகே ஐசோபுரோப்பனாலில் கரைத்த அயனித் திரவத்தைச் சேர்க்க வேண்டும். பனிக்கட்டி இட்ட மீயொலித் தொட்டியில் கலக்கியபின், ரோட்டரி எவாப்பரேட்டரில் கரைப்பானை மெதுவாக நீக்கி, வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் இரவு முழுவதும் வைக்கலாம். அவசரப்பட்டு ஆவியாக்கினால் திரவம் துளைக்குள் இறங்காமல் வெளியே திட்டுத் திட்டாகத் தங்கிவிடும். அடுப்பைத் திறக்குமுன் நைட்ரஜன் செலுத்திக் குளிரவைப்பது பாதுகாப்பானது.

வினையூக்கியையும் நாஃபியானையும் கரைப்பானில் கலந்து பூசுவதற்கான மையைத் தயாரிக்கும் கட்டத்தில்தான் பெரும்பாலான உழைப்பு வீணாகிறது. மையிலுள்ள ஆல்கஹால் அயனித் திரவத்தைக் கரைத்து வெளியே இழுக்கும். வெளிவந்த இமிடசோலியம் அயனி நாஃபியானின் புரோட்டான் இடங்களைப் பிடித்துக்கொண்டு கடத்துதிறனைக் குறைக்கும். எனவே நீர் மிகுந்த மையையே பயன்படுத்த வேண்டும். பூச்சு நிலைத்திருக்கிறதா என்று எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் பார்க்கும்போது ஃப்ளூரினையோ கந்தகத்தையோ தேடிப் பயனில்லை, அவை நாஃபியானிலும் உண்டு. நாஃபியானில் இல்லாத, அயனித் திரவத்தில் உள்ள நைட்ரஜனைத் தேட வேண்டும்.

வினையூக்கியைச் சோதிக்க வழக்கமாகப் பயன்படும் சுழல்வட்டு மின்முனை அமிலக் கரைசலில் மூழ்கியே இருப்பதால் வறட்சியைப் பற்றி எதுவும் சொல்லாது. முழுக் கலத்தில், 100 மற்றும் 40 விழுக்காடு ஒப்பு ஈரப்பதங்களில், கார்பன் மோனாக்சைடை ஒட்டவைத்து ஆக்சிஜனேற்றி அகற்றி, செயல்படும் பரப்பை அளக்க வேண்டும். வறண்ட நிலையிலும் எத்தனை பங்கு பரப்பு எட்டுகிறது என்பதே பூச்சின் மதிப்பு. கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு என்பதால் எச்சரிக்கைக் கருவி இல்லாத அறையில் இதைத் தொடக் கூடாது. உயர் அதிர்வெண் மின்தடையையும் உடன் குறித்துக்கொண்டால், சவ்வின் வறட்சியைத் தனியே பிரித்துப் பார்க்கலாம்.

சென்னையில் ஆய்வைத் தொடங்கிப் பெங்களூருக்கு வந்த நம் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கலை ஒட்டியே இருக்கிறது. 80 டிகிரியில் முழு ஈரக் காற்றில் நீராவி மட்டும் 47 கிலோபாஸ்கலை எடுத்துக்கொள்வதால், மிஞ்சும் 44-இல் 21 விழுக்காடான ஆக்சிஜனுக்குக் கிடைப்பது சுமார் 9; சென்னையில் அது 11-க்கு மேல். ஈரப்பதத்தை 40 விழுக்காடாகக் குறைத்தால் இங்கேயே அது 15-ஐத் தொடும். அதாவது, உலர்த்தும்போது ஆக்சிஜன் தானாகக் கூடி, பூச்சு செய்யாத நன்மையை அதன் கணக்கில் எழுதிவிடும். வெளியேறும் பக்க அழுத்தத்தைச் சரிசெய்து, எல்லா ஈரப்பதங்களிலும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் மாறாமல் வைத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

முழு ஈரப்பதத்தில் நெடுநேரம் ஓட்டியபின் 40 விழுக்காட்டு அளவீட்டை மீண்டும் செய்ய வேண்டும். முன்பு கண்ட உயர்வு குறைந்திருந்தால், உருவாகும் நீர் திரவத்தை வெளியே கொண்டுபோயிருக்கக் கூடும். அப்போது நைட்ரஜன் ஏற்றிய கார்பனையோ, பாலிமராக்கிய அயனித் திரவத்தையோ முயலலாம். முன்னதில் கார்பனே நைட்ரஜன் குறியைத் தரும் என்பதால், பூசாத அதே கார்பனின் நிறமாலையையும் எடுத்துக் கழித்துப் பார்க்க வேண்டும்.