தீபாவளிக் கூட்டத்துக்கு சர்வரைத் தயார் செய்வது எப்படி?

ஈரோட்டில் ஒரு புடவைக் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மார்கழியில் ஈ ஓட்டும் தளம் அது. தீபாவளிக்கு முந்தைய வாரம் மூச்சு முட்டும்.

எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றாதீர்கள். கூட்டம் வந்தால் எது வீங்குகிறது என்று முதலில் பாருங்கள். கணக்குவழக்கு வீங்காது, ஜோஹோ புக்ஸ் மாதிரி சந்தா மென்பொருள் போதும், சர்வர் தலைவலி அவர்களுடையது. பில் போடும் கணினி கடையிலேயே இருக்கட்டும். நெட் போய்விட்டது என்று முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவரை உட்காரவைக்க முடியுமா? இந்தப் பாதிக்குப் பாதி ஏற்பாட்டுக்குத்தான் ஹைபிரிட் என்று பெயர். புடவைப் படங்கள் எஸ்3-இல், அதாவது அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புக் கிடங்கில். அவற்றைச் சிறிதாக்கும் வேலை லாம்ப்டாவுக்கு; கூப்பிட்டால் மட்டும் ஓடும் சேவை அது. மாதம் முதல் 10 லட்சம் அழைப்புகளுக்குக் கட்டணமில்லை.

வீங்குவது வெப் சர்வர். அதை ஏடபிள்யூஎஸ் மும்பை ரீஜனில் ஆட்டோ ஸ்கேலிங் குரூப்பாக, அதாவது கூட்டத்துக்கேற்ப மெஷின்கள் தானாகக் கூடிக் குறையும்படி வைத்தேன்: குறைந்தது 2 மெஷின், அதிகபட்சம் 8, சராசரி சிபியு பயன்பாட்டு இலக்கு 50 சதவீதம்.

அங்கேதான் முதல் வருஷம் மாட்டிக்கொண்டேன். மெஷின்கள் 8 ஆனதும் தளம் படுத்துவிட்டது. ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்கு 20 இணைப்பு திறக்கும், ஆக 160. நானே நிறுவிய மைஎஸ்க்யூஎல்லில் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை மாற்றவே இல்லை, ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளின் உச்சவரம்பான அது, நிறுவும்போது வந்த 151-லேயே இருந்தது. ஆகவே அதிகபட்சத்தை எழுதும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். எனக்கு இப்போது 6.

கூடை விவரத்தை வெப் சர்வரில் வைக்காதீர்கள். மெஷின் குறையும்போது வாடிக்கையாளர் எடுத்துவைத்த புடவையும் சேர்ந்து போய்விடும். எல்லா மெஷினும் பொதுவாகப் பார்க்கும் தனி டேட்டாபேஸான ரெடிஸில் வையுங்கள்.

புது மெஷின் எழுந்து நிற்கச் சில நிமிடம் ஆகும். விற்பனை காலை 10 மணிக்கு என்றால் 9.30-க்கே குறைந்தபட்சத்தை 5 ஆக்க ஷெட்யூல் போடுங்கள். நேர மண்டலம் தராவிட்டால் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்றே எடுத்துக்கொள்ளும், நம் 9.30 அங்கே 4.00. மறந்தால் மெஷின்கள் மாலை 3 மணிக்கு வந்து நிற்கும்.

பட்ஜெட் அலர்ட்டும் வையுங்கள். ஆனால் அதில் மெயில்தான் வரும், மெஷின் தானாக நிற்காது. பண்டிகை முடிந்த மறுநாள் குறைந்தபட்சத்தை 2-க்கு இறக்கும் ஷெட்யூலையும் இப்போதே போட்டுவிடுங்கள். அன்றைக்கு உங்களுக்கு ஞாபகம் வராது.