பூச்சியின் தோலைத் துளைக்கும் பூஞ்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காண்டாமிருக வண்டின் புழுக்களை அழிக்கத் தென்னந்தோப்பின் எருக்குழியில் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையை இடுபவர்களில் பலர், புழு அதைத் தின்று சாகிறது என்றே எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்திலிருந்துதான் மற்ற பிழைகள் பலவும் கிளைக்கின்றன. பூச்சிகளைக் கொல்லப் பயன்படும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா குடலுக்குள் போனால்தான் வேலை செய்யும். மெட்டாரைசியமும், பியூவேரியா என்னும் இன்னொரு பூஞ்சையும் பெரும்பாலும் மேல்தோலைத் துளைத்தே உள்ளே நுழைகின்றன. ஆகவே குழியின் மேலே தூவிவிட்டு வந்தால் போதாது. புழு நெளியும் ஆழம்வரை பூஞ்சை எருவோடு கலந்திருக்க வேண்டும். பூஞ்சையின் வித்து (ஸ்போர்) ஒட்டிய புழு, பூஞ்சை உள்ளே புகுமுன் தோலுரித்துவிட்டால், உரித்த சட்டையோடு வித்தும் போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒட்டுவதும் துளைப்பதும் ஒரே நொதியின் வேலை என்று எழுதுவது அடுத்த பிழை. உலர்ந்த வித்துத் தூளை ஒரு தம்ளர் தண்ணீரில் தூவிப் பாருங்கள். சாம்பல் போல மேலேயே மிதக்கும். வித்தின் மேலுறையில் உள்ள ஹைட்ரோஃபோபின் என்னும் புரதங்கள் நீரை விலக்குவதே இதற்குக் காரணம். பூச்சித் தோலின் மெழுகோடு வித்தை முதலில் சேர்ப்பதும் அவையே. மெட்டாரைசியத்தில் மேட்1 என்னும் ஒட்டுப்புரதம் பூச்சியின் தோலையும், மேட்2 தாவரத்தின் மேற்பரப்பையும் பற்றுகின்றன என்று 2007இல் காட்டப்பட்டது. இவை எவையும் நொதிகள் அல்ல. ஆனாலும் நொதிகள் அப்போதே அருகில் இருக்கின்றன: முளைக்கும் முன்பே வித்தின் மேற்பரப்பில் கொழுப்பைச் சிதைக்கும் எஸ்டரேஸ், புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் போன்றவை உண்டு, ஈரம் பட்டதும் அவற்றில் சில வெளியே கசிகின்றன. காலையில் கரைத்து வைத்த கரைசலை மாலைவரை போட்டு வைக்கலாகாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாடக்குறிப்புகளில் அதிகம் காணப்படும் தவறு, பூச்சித் தோல் கைட்டின் என்னும் இழைப்பொருளால் ஆனது, ஆகவே கைட்டினைச் சிதைக்கும் கைட்டினேஸ் நொதி அதை முதலில் கரைக்கிறது என்பதாகும். தோலின் வெளிப்புறத்தில் மெழுகும் கொழுப்பும் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள கைட்டின் இழைகளைப் புரதம் பொதிந்திருக்கிறது. எனவே கொழுப்பைச் சிதைக்கும் நொதிகள் முதலிலும், பிஆர்1 என்னும் புரோட்டியேஸ் அடுத்தும் வேலை செய்து புரதத்தை விலக்கிய பிறகுதான் கைட்டினேஸுக்கு இழை எட்டுகிறது. சுவரை இடிப்பவன் பூச்சை உதிர்த்துவிட்டுத்தானே செங்கல்லைத் தொடுகிறான்! நொதி மட்டும் போதாது என்பதும் இங்கே சேர வேண்டும்: வித்திலிருந்து முளைத்து நீளும் குழாயின் நுனி அப்ரசோரியம் என்னும் தடித்த உறுப்பாக வீங்கி, தோலின்மேல் அழுந்தி, அழுத்தத்தாலும் வழி திறக்கிறது.

இனிப்பான ஊடகத்தில் பூஞ்சை மண்டி வளர்ந்தால் அது வீரியமானது என்று கொள்வதும் சரியல்ல. எளிதாகக் கிடைக்கும் சர்க்கரை இருக்கும்போது பிஆர்1 சுரப்பு அடங்கிவிடுகிறது. செயற்கை ஊடகத்திலேயே திரும்பத் திரும்ப வளர்த்த பூஞ்சையின் வீரியம் குறைவதும், பூச்சியின் உடலில் ஒருமுறை வளர்த்தெடுத்தால் மீள்வதும் பல முறை காணப்பட்டவை.

நொதி கூடினால் எல்லாம் நன்மையே என்றும் முடிவு கட்ட வேண்டாம். பிஆர்1 மிகுதியாகச் சுரக்கும்படி மாற்றப்பட்ட மெட்டாரைசியம், புகையிலைக் கொம்புப்புழு சாகும் காலத்தை 25 சதவீதமும் அது தின்னும் அளவை 40 சதவீதமும் குறைத்தது என்று 1996இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் அந்தப் புழுக்கள் கறுத்து இறந்ததால், அவற்றின்மேல் பூஞ்சை சரிவர வித்துவிடவில்லை. அதாவது அடுத்த புழுவுக்குத் தொற்று பரவ வழி குறைந்தது.

பூஞ்சைக்கொல்லியோடு கலப்பது, உச்சி வெயிலில் தெளிப்பது ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை: முன்னது பூஞ்சையையே கொல்லும், வெயிலின் புற ஊதாக் கதிர் வித்தை முளைக்க விடாது. மாலையில், காற்றில் ஈரம் இருக்கும்போது தெளிப்பதே நல்லது.

பட்டு வளர்ப்போர் உள்ள ஊரில் ஒரு தவறு எல்லாவற்றையும்விடப் பெரியது. பட்டுப்புழுவை வெண்கட்டியாக்கிக் கொன்ற நோய்க்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று 1835இல் இத்தாலியின் அகோஸ்டினோ பாஸி நிறுவினார். அவர் பெயரால் வழங்கும் அந்தப் பியூவேரியா பாசியானாதான் இன்று புட்டிகளில் விற்கப்படுகிறது. காய்ப்புழுவின் தோலில் வேலை செய்யும் நொதிகளே பட்டுப்புழுவின் தோலிலும் வேலை செய்யும் என்பதால், மல்பெரித் தோட்டத்துக்கும் புழு வளர்ப்பு மனைக்கும் அடுத்த வயலில் அதைத் தெளிக்கக் கூடாது.