பெரிய அலகு மீன்கொத்தியை இனங்காண்பது எப்படி?

மீன்கொத்தி என்றதும் நம் கண் நீல நிறத்தைத்தான் தேடுகிறது. பினாங்கில் அந்த நீலத்தை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். ஏனெனில் வீட்டருகே மின்கம்பியில் அமரும் வெண்மார்பு மீன்கொத்திக்கும் நீல முதுகும் சிவந்த அலகும் உண்டு. மலாய்க்காரர்கள் பெக்காக்கா எமாஸ் என்றழைக்கும் பெரிய அலகு மீன்கொத்தியை அறிய, கழுத்தையும் வயிற்றையும் முதலில் பாருங்கள். அவை வெளிர் மஞ்சள் கலந்த செம்பழுப்பாகவும், தலை மங்கிய பழுப்பாகவும் இருக்கும். வெண்மார்பு மீன்கொத்திக்கோ தலையும் வயிறும் அடர் பழுப்பு. தொண்டையும் மார்பும் தூய வெள்ளை.

உருவமும் கைகொடுக்கும். இது ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளமுள்ள பறவை. காகத்தைவிடச் சற்றே சிறியது. அலகு தலைக்கே பாரமாகத் தெரியுமளவு தடித்து, செக்கச்செவேலென்று இருக்கும், நுனி மட்டும் கருத்திருக்கும். லங்காவியின் அலையாத்திக் காடுகளில் இதே பருமனில் பழுப்புச் சிறகு மீன்கொத்தி ஒன்று உண்டு. அதன் சிறகில் நீலப்பச்சை இராது என்பதே வேறுபாடு.

தேடுவதற்குச் செபராங் பிறையிலுள்ள ஆயர் ஹீத்தாம் டாலாம் கல்விக் காட்டைப் பரிந்துரைப்பேன். நன்னீர்ச் சதுப்பு நிலமான அங்கே, பொழுது விடிந்ததும், நீருக்கு மேல் சாய்ந்த கிளைகளை ஒவ்வொன்றாக, தாழ்ந்தவற்றிலிருந்து தொடங்கி, தொலைநோக்கியால் பொறுமையாகத் துழாவ வேண்டும். இத்தனை பெரிய பறவை இலை மறைவில் அசையாமல் அமர்ந்துவிட்டால் கண்ணுக்கே அகப்படாது என்பது வியப்புதான். ஆகவே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: ‘கெ-கெ-கெ-கெ’ என்று உரத்த சிரிப்பைப் போன்ற குரல் கேட்டால், ஒலி வந்த திசையை நோக்கி நடக்காமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பறவை இடம் மாறும்போது நீர்மட்டத்தை ஒட்டித் தாழப் பறக்கும். அப்பொழுது முதுகின் அடிப்பகுதியில் பளிச்சென்று வெளிர்நீலம் தோன்றும். சிறகில் வெள்ளைத் திட்டு மின்னினால் அது வெண்மார்பு மீன்கொத்தியே.

மீனோடு நண்டு, தவளை, ஓணான் ஆகியவற்றையும் பிடித்து, கிளையில் அடித்துக் கொன்றபின் விழுங்கும். அந்நேரம் நன்றாகப் படமெடுக்கலாம். ஆற்றங்கரை மண்ணிலோ, உளுத்த மரத்திலோ, மரத்திலுள்ள கறையான் புற்றிலோ பொந்து அமைத்துக் கூடுகட்டும் இப்பறவை, அலகில் இரையோடு விழுங்காமல் காத்திருந்தால் குஞ்சுகள் அருகில் இருக்கக்கூடும், உடனே பின்வாங்கிவிடுங்கள்.