தொலைநகலில் வந்த ஒப்பந்தப்புள்ளி: என் அனுபவம்

குன்னூரில் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் நான் பணியாற்றியபோது, பருவமழையில் பர்லியாறு அருகே மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டிருந்த ஒரு நாளில், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) தருவதற்கான கெடு முடியச் சற்று முன்னதாகச் சமவெளியைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் ஒருவரின் விலைப்பட்டியல் தொலைநகலில் வந்து சேர்ந்தது. அவர்மீது பிழையில்லை, கோத்தகிரி வழியாகச் சுற்றினாலும் உரிய நேரத்துக்குள் அவர் எட்டியிருக்க முடியாது.

இருந்தும் அதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒப்பந்தப்புள்ளிப் பெட்டியில் மற்றவர்களின் உறைகள் முத்திரை பிரிக்கப்படாமல் கிடக்க, இவருடைய விலை மட்டும் இயந்திரத்தின் தட்டில் எவரும் படிக்கும்படி விழுந்திருந்தது. மூலக் கையொப்பமோ பிணையாகக் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகைக்கான வங்கி வரைவோலையோ உடன் இல்லை. தொலைநகல் இயந்திரத்தின் வெப்பத்தாளில் பதிந்த எழுத்து காலப்போக்கில் மங்கிவிடுமாதலால் தணிக்கைக்கும் அது உதவாது.

1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் நோக்கத்தைச் சுட்டி, தொலைநகலை ஏற்காமல், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எல்லோருக்கும் பொதுவாகக் கெடுவை நீட்டிக்கலாம் என்று அதிகாரிக்குக் குறிப்பு வைத்தேன். அவர் இசைந்தார். வந்த தாளை நேரம் குறித்து, இருவர் கையொப்பத்துடன் உறையிலிட்டு மூடினோம்; திருத்த அறிவிப்பு வெளியிட்டு, விரும்பியவர்கள் உறையைத் திரும்பப் பெற்றுப் புதிய விலை தரவும் வாய்ப்பளித்தோம்.

அடுத்த அறிவிப்பு முதல், தொலைநகல் எண் விளக்கம் கேட்பதற்கு மட்டுமே என்றும், அதன்வழி வரும் ஒப்பந்தப்புள்ளிகள் ஏற்கப்படா என்றும் முதல் பக்கத்திலேயே அச்சிட்டோம்.