நகரத்தை ஒட்டிய மலைப்பாதையில் முதல் ஒருநாள் நடை: திட்டமிடும் முறை

காலையில் நகரத்திலிருந்து கிளம்பி, ஒரு குன்றிலோ காட்டுப் பாதையிலோ சில மணி நேரம் நடந்துவிட்டு, அன்று இரவே வீடு திரும்பும் பயணத்துக்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவையில்லை. ஆனால் புதிதாகக் கிளம்புவோரில் பலர், உச்சியில் என்ன பார்க்கலாம் என்பதிலிருந்து திட்டமிடத் தொடங்குகிறார்கள். எத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரியான முறை என்பது என் கருத்து. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

படி 1: திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

பாதை தொடங்கும் இடத்திலிருந்து நகரத்துக்குக் கிளம்பும் கடைசிப் பேருந்து அல்லது ரயிலின் நேரத்தையும், அன்றைய சூரிய மறைவு நேரத்தையும் பார்த்து, இரண்டில் எது முந்தியதோ அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக நடையை முடிக்கும்படி வையுங்கள். சொந்த வாகனத்தில் போனாலும் இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். மரங்கள் அடர்ந்த பாதையிலும் பள்ளத்தாக்கிலும் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே வெளிச்சம் குறைந்துவிடும்.

படி 2: பாதையின் நீளத்தோடு ஏற்றத்தையும் கணக்கிடுங்கள்

தட்டையான சாலையில் 12 கிலோமீட்டர் நடப்பதும், மலையில் 12 கிலோமீட்டர் நடப்பதும் ஒன்றல்ல. வரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு செங்குத்தானது என்றும், விலகி இருந்தால் மென்மையானது என்றும் பொருள். இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட உயரம் எத்தனை மீட்டர் என்பது வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் மேல்நோக்கிக் கடக்கும் கோடுகளை எண்ணி அதனால் பெருக்கினால் ஏற்றம் கிடைத்துவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்க இடத்துக்கும் உச்சிக்கும் இடையிலான உயர வேறுபாடு மட்டும் போதாது. நடுவில் பாதை இறங்கி மீண்டும் ஏறினால், அந்த ஏற்றத்தையும் தனியாகக் கூட்ட வேண்டும். கைபேசிச் செயலிகள் காட்டும் மொத்த ஏற்றம் என்ற எண்ணில் இது சேர்ந்தே இருக்கும்.

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். போய்வர 12 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர் உள்ள பாதை என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 45 நிமிடம், ஆக மொத்தம் 3 மணி 9 நிமிடம். இது நல்ல உடற்தகுதி உள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம் என்பதால், முதல்முறை செல்வோர் இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது நல்லது. அப்போது ஏறத்தாழ 4 மணி 45 நிமிடம் வரும். ஓய்வுக்கும் உணவுக்கும் 45 நிமிடம் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம்.

படி 3: எங்கே இருந்தாலும் திரும்பிவிடும் நேரம்

முழுத் திட்டத்திலும் முக்கியமான எண் இதுதான். மேலே சொன்ன பாதையில் காலை 9 மணிக்கு ஏறத் தொடங்கி, மாலை 4 மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும் என்றால், இறங்குவதற்கு ஓய்வையும் சேர்த்து சுமார் 2 மணி நேரம் தேவை. எனவே பிற்பகல் 2 மணி ஆகிவிட்டால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். இந்த நேரத்தை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்து, உடன் வருவோர் எல்லோரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் களைத்த உடலும் உற்சாகமான மனமும் சேர்ந்து மலைமேல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்றுதான் இருக்கும்.

பாதை, உடன் வருவோர், திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் உதவி கேட்க வேண்டும் என்பவற்றை, உங்களோடு வராத ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். பாதையில் நடக்க அனுமதி தேவையா, அது அன்று திறந்திருக்கிறதா என்பதையும் முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பையும் காலணியும்

ஒருநாள் நடைக்கு 20 லிட்டர் அளவுள்ள பை தாராளமாகப் போதும். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் தண்ணீர், உணவு, மழைச்சட்டை, தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு (ஹெட்லாம்ப்), விசில், பவர் பேங்க், ஒட்டுப்பட்டையும் கட்டுத்துணியும் அடங்கிய முதலுதவிப் பொருட்கள் இருந்தால் சரி. பருத்திச் சட்டையைத் தவிர்க்கலாம்; அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, மேலே காற்றில் நிற்கும்போது உடலைக் குளிரச் செய்யும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

விலையுயர்ந்த மலையேற்றக் காலணியை முதல் நடைக்கே வாங்க வேண்டியதில்லை. அடிப்பகுதி தேயாத, ஏற்கெனவே பழகிய காலணி, புதிதாக வாங்கிய எதையும்விட மேல். இறங்கும்போது பாதம் முன்னோக்கிச் சரிந்து விரல் நுனி காலணியில் மோதும் என்பதால், நகங்களை முந்தைய நாளே வெட்டிவிடுங்கள். இறக்கம் தொடங்கும் முன் கயிற்றை அவிழ்த்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் பொருத்துங்கள். பிறகு கயிற்றின் ஒவ்வொரு முனையையும் அதே பக்கத்துக் கடைசித் துளையில் நுழைத்துச் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்க முனையை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால், குதிகால் நகராது.

படி 5: நடக்கும்போது

கைபேசியில் வரைபடத்தை முன்பே பதிவிறக்கிவிட்டு, விமானப் பயன்முறையில் வைத்து நடங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெறுவது மட்டுமே என்பதால் அதற்குக் கைபேசிக் கோபுரம் தேவையில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் கோபுரத்தைத் தேடித்தேடித்தான் பேட்டரி வேகமாகத் தீரும்.

மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பாதத்தில் ஓரிடம் சூடாக உரசுவதுபோல் தோன்றிய உடனே நின்று அங்கே ஒட்டுப்பட்டை போடுங்கள். கொப்புளம் வந்த பிறகு செய்வதற்கு அதிகமில்லை.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்கும் குறைவான இடைவெளி இருந்தால், இடி சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டையும் தனி மரங்களையும் விட்டு விலகி உடனே இறங்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மீண்டும் ஏற வேண்டாம்.

வழி தவறியதாகத் தோன்றினால் குறுக்கே இறங்கிப் பார்க்காமல், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரே இடத்தில் இருந்து, ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள். மலைப்பகுதிகளில் இது உதவி கேட்பதற்கான குறி. நிமிடத்துக்கு மூன்று முறை ஒலித்தால் அது பதில்.

படி 6: திரும்பிய பிறகு

திட்டத்தை அனுப்பிய நபருக்கு முதலில் தகவல் சொல்லிவிடுங்கள். பிறகு, ஓய்வு நேரத்தைக் கழித்து உண்மையில் எவ்வளவு நேரம் நடந்தீர்கள் என்பதை விதி சொன்ன நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 3 மணி 9 நிமிடம் என்று வந்த பாதையை 4 மணி நேரத்தில் நடந்திருந்தால், உங்களுக்கான பெருக்கு எண் ஏறத்தாழ 1.3. அடுத்த பாதையைத் திட்டமிடும்போது ஒன்றரைக்குப் பதிலாக இந்த எண்ணைப் பயன்படுத்தலாம். ஆனால் வெயிலோ சேறோ அதிகமாக இருக்கும் நாளில் பழைய ஒன்றரையையே வைத்துக்கொள்ளுங்கள்.